வெள்ளைக்கல் தோடு

பூவிழியின் தலை அம்மாவின் இரண்டு கைகளுக்கும் நடுவில் பத்திரமாக இருந்தபோதுதான், அந்தத் தலையில் பலத்த அடி விழுந்துவிட்டதாகப் போன் அலறியது.

வடிவு அப்போதுதான் வலது பக்கப் பின்னலை முடித்து ரிப்பன் கட்டியிருந்தாள். இடது பக்கத்து முடி மூன்று புரியாகப் பிரிந்து அவள் விரல்களுக்குள் இருந்தது. மத்தியானம் மணி மூன்று பத்து. போன் திரை முழுக்கச் சிவப்பு. 'உங்கள் குழந்தையின் தலையில் பலத்த மோதல். மருத்துவ வண்டி புறப்பட்டுவிட்டது. குழந்தையைத் தூங்க விடாதீர்கள்.'

"அம்மா, இழுக்காத. வலிக்கு," என்றாள் பூவிழி.

வடிவு பிடியைத் தளர்த்தினாள். பிள்ளையின் தலையை நெற்றியிலிருந்து பிடரி வரை தடவிப் பார்த்தாள். ஒரு வீக்கம் இல்லை, கீறல் இல்லை, தேங்காய் எண்ணெய்தான் கையில் ஒட்டியது. முதலில் அவளுக்கு வந்தது பயமல்ல, நிம்மதி. இந்தத் தடவை பிள்ளை தன் மடியில் இருக்கும்போதே அலறியிருக்கிறது. இனி எவன் வந்து என்ன சொல்லிவிட முடியும்?

காவல் தோடு வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. சின்ன அடிதான் என்று தூங்கப் போட்டு, பிறகு எழுந்திருக்காமலே போய்விட்ட பிள்ளைகளின் கணக்கைச் சட்டசபையில் யாரோ படிக்க, சபையே கண்ணைத் துடைத்துக்கொண்டதாம். அதன் பிறகு ஒரு வயதில் காது குத்தும்போதே அரசாங்கத் தோட்டைப் போட்டாக வேண்டும் என்று ஆயிற்று. காது குத்தாத வீட்டுப் பிள்ளைகளுக்குத் தலைமுடியில் கிளிப். பன்னிரண்டு வயது வரை கழற்ற முடியாத பூட்டு. லேசான அடி என்றால் போனில் பச்சை காட்டும், கவனிக்க வேண்டிய அடிக்கு மஞ்சள், உயிருக்கு ஆபத்தென்றால் சிவப்பு. பெண்பிள்ளை எங்கே போகிறாள், வருகிறாள் என்பதை ஊரான் உட்கார்ந்து பார்ப்பதா என்று சிலர் கோர்ட்டுக்குப் போய்விட்டதால் இடம் மட்டும் தெரியாது. அடி மட்டும்தான் தெரியும்.

நல்ல ஏற்பாடுதான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் மஞ்சளும் சிவப்பும் பெற்றவர்களுக்கு மட்டும் போகாமல் குழந்தைக் காவல் அலுவலகத்துக்கும் போயிற்று. வருஷத்துக்கு இரண்டு மஞ்சள் என்றால் விசாரணை. அதற்கு மேல் ஒன்று வந்தால் பிள்ளையை நாற்பது நாள் அரசு இல்லத்தில் வைத்துக் கவனிப்பார்கள். கவனித்துவிட்டுத் திருப்பித் தருவார்களா என்பதை நாற்பத்தோராம் நாள்தான் சொல்வார்கள்.

வடிவுக்கு இந்த வருஷம் ஏற்கெனவே இரண்டு மஞ்சள். முதலாவது பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருந்தபோது வந்தது. "பாய்ல உக்காந்து பாட்டுப் படிச்சிட்டு இருந்தா, யாரும் தொடல," என்று டீச்சர் சத்தியம் பண்ணினாள். வடிவு நம்பவில்லை, சண்டை போட்டுப் பள்ளிக்கூடத்தை மாற்றினாள். இரண்டாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் குளித்துக்கொண்டிருந்தபோது. பிள்ளை அப்பாவோடு டிவி பார்த்துக்கொண்டிருந்தது. தங்கபாண்டியும் சத்தியம் பண்ணினான். அவளுக்கு அவன் மேல் சந்தேகம், அவனுக்கு அவள் மேல் சந்தேகம். இப்போது அவன் தூத்துக்குடியில் தன் அம்மா வீட்டிலிருந்து துறைமுக வேலைக்குப் போய்வருகிறான்.

விசாரணையில் சொந்தக்காரர்களையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். அம்பாசமுத்திரத்தில் இருக்கும் தங்கை கோமதி வந்தாள். அவள் மகள் இனியாளுக்கும் ஐந்து வயதுதான், நான்கு மாதம் இளையவள். இந்த வருஷம் ஒரு மஞ்சள்கூட இல்லாத பெருமை கோமதியின் முகத்தில் அப்படியே எழுதியிருந்தது. "அக்காவுக்குக் கோவம் வந்தா கை நீளும், மேடம்," என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றோடு அக்கா தங்கை பேச்சு நின்றது. "என் பிள்ளைய நான் ஒருநாளும் தொட்டதில்ல," என்று வடிவு சொன்னாள். சொல்லும்போது மட்டும் அலுவலரின் முகத்தைப் பார்க்காமல் மேசை விரிப்பைப் பார்த்தாள்.

மூன்று இருபத்தைந்துக்குப் பாளையங்கோட்டைத் தெருவுக்குள் வண்டி வந்து நின்றது. முதலில் இறங்கியது சாகுல் என்கிற இளவயது நர்ஸ். பின்னாலேயே காவல் அலுவலகத்துப் பியூலா, கையில் பலகைக் கணினியோடு. விசாரணை நடத்தியதும் இதே பியூலாதான்.

"பிள்ள எங்கக்கா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்த சாகுல், ஒரு பக்கம் பின்னலும் ஒரு பக்கம் விரிந்த முடியுமாக நின்ற பூவிழியைப் பார்த்ததும் நின்றுவிட்டான். கண்ணில் டார்ச் அடித்தான், கழுத்தை அசைக்கச் சொன்னான், ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னான். பூவிழி நொண்டியே அடித்துக் காட்டினாள்.

"ஒண்ணுமே இல்லியே மேடம். அடிபட்ட தலை மாதிரியே தெரியல."

"இப்பம் நம்புதியளா?" என்றாள் வடிவு. "தலை என் கையில இருக்கு. கையில இருக்கும்போதே மெஷின் அடிங்குது. இப்படித்தான் ரெண்டு தடவையும் கத்தியிருக்கு. அதை நம்பி என் குடும்பத்தையே ரெண்டாக்கிட்டிய."

பியூலா திரையைப் பார்த்தாள். "மோதல் அளவு நிஜமாட்டுத்தான் இருக்கும்மா. தோடு தானா அலறாது. எங்கயோ ஒரு தலை எதுலயோ முட்டியிருக்கு."

"எங்கயோ முட்டினா என் போன் ஏன் அலறணும்?"

கோபத்தில்தான் கேட்டாள். கேட்ட கேள்வி வாயை விட்டு வெளியே போய்விட்டுத் திரும்பி அவளிடமே வந்தது. அவள் கை தானாகப் பூவிழியின் காதுக்குப் போயிற்று. வெள்ளைக்கல் தோடு.

சிவப்புக்கல் அல்லவா இவளுக்கென்று வந்தது.

காது குத்து அன்று நடந்தது அவளுக்கு வரிசையாக நினைவு வந்தது. இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே நாள், ஒரே மாமன் மடி. அண்ணன் சுடலைமுத்து தாம்பாளத்தில் இரண்டு தோட்டுப் பெட்டி கொண்டுவந்தான். சிவப்புக்கல்லில் பூவிழியின் பெயர், வெள்ளைக்கல்லில் இனியாளின் பெயர். முதல் நாளே அலுவலகத்தில் எண்ணைப் பதிந்து வாங்கியது. கோமதியின் மாமியார் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "எங்க பேத்திக்கு வெள்ளைக்கல்லா? எங்க வீட்டுக்கு வெள்ளை ஆகாது," என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். சபையில் சண்டை வேண்டாமென்று வடிவே, "அதுக்கென்ன, சிவப்பை அவளுக்கே போடுங்க," என்று சிரித்துக்கொண்டு சொன்னாள். அந்த விட்டுக்கொடுத்தலை எத்தனை பேர் மெச்சினார்கள்.

அவள் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, அன்னைக்குத் தோட்டை மாத்திப் போட்டோம்லா, அலுவலகத்துல போய் நம்பரை மாத்தினியா?"

"எந்தத் தோட்டை? ஏட்டி, காது குத்துக்கா? கல்லைத்தான மாத்துனோம். கல்லுக்கு எதுக்கு நம்பரு?"

அவள் போனை வைத்துவிட்டாள். அதற்குள் சாகுல் பிள்ளையின் காதுமடலை மடித்து, திருகாணிக்கு அடியில் டார்ச் அடித்து எண்ணைப் படித்தான். கடைசி நான்கு இலக்கம் வடிவின் போனில் 4417, காதில் 4423. இரண்டு மஞ்சள், ஒரு விசாரணை, பதினெட்டுப் பக்க அறிக்கை, ஒருவர்கூடப் பிள்ளையின் காதைத் திருப்பிப் பார்க்கவில்லை. எல்லாரும் திரையையே பார்த்திருக்கிறார்கள்.

"அப்பம் அடிபட்டது இனியாளுக்கு," என்றாள் வடிவு.

கோமதியின் எண்ணுக்கு அடித்தாள். மணி போகவே இல்லை, தங்கை அவள் எண்ணை எப்போதோ தடுத்து வைத்திருந்தாள். சாகுலின் போனை வாங்கி அடித்தாள். நான்காவது மணியில் எடுத்தாள்.

"கோமதி, நான் அக்கா பேசுதேன். வைக்காத. இனியா எங்க?"

"ஏன், எதுக்குக் கேக்க?"

"விழுந்தாளா?"

"யார் சொன்னா ஒனக்கு?" கோமதியின் குரலில் எரிச்சல். "ஊஞ்சல்ல இருந்து விழுந்தா. தூண்ல லேசா இடிச்சுது. ஒரு நிமிஷம் பேச்சு மூச்சில்லாம கெடந்தா, பெறவு எந்திரிச்சு அழுதா, பிஸ்கட் தின்னா, வெளையாடினா. போன் ஒரு சத்தம் போடல. பச்சையாத்தான் இருக்கு. நீ ஒன் பிள்ளையப் பாரு."

"இப்பம் என்ன பண்ணுதா?"

"தூங்குதா. குடிச்ச பாலை அப்படியே கக்கிட்டா, அசதியில படுத்துட்டா. பத்து நிமிஷம் இருக்கும்."

சாகுல் போனை ஒலிபெருக்கியில் போடச் சொல்லிச் சைகை காட்டினான். "அக்கா, நான் நர்ஸ் பேசுறேன். பிள்ளைய எழுப்புங்க."

"தூங்கட்டும் தம்பி, கொறட்டை விட்டுத் தூங்குதா."

"எப்பவும் கொறட்டை விடுவாளா?"

கோமதி போனை எங்கோ வைத்தாள். பிறகு தூரத்தில் அவள், "இனியா, ஏ இனியா, எந்திரிம்மா," என்று கூப்பிடுவது கேட்டது. மறுபடி கூப்பிட்டாள். மூன்றாவது முறை கூப்பிட்டபோது குரல் மாறியிருந்தது.

"ரெண்டு கண்ணையும் தெறந்து பாருங்கக்கா. கருமணி ரெண்டும் ஒண்ணு போல இருக்கா?"

"இல்ல. ஒண்ணு பெருசா இருக்கு." அதற்குப் பிறகு அவள் பேசியது எதுவும் வார்த்தையாக இல்லை.

சாகுல் போனின் வாயைக் கையால் மூடிக்கொண்டு வடிவிடம் சொன்னான். "மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவுல ரத்தம் கசியுதுக்கா. மொதல்ல பிள்ள எந்திரிச்சு நல்லா வெளையாடும், அதான் ஏமாத்தும். ரத்தம் சேரச் சேரத் தூக்கம் வரும். ஒரு மணி நேரத்துல தெறந்து எடுத்துட்டா எந்திரிச்சு ஓடும். விட்டா முடியாது."

"அப்பம் வண்டிய அனுப்புங்க."

"அங்க வண்டி நிக்கி. ஆனா..." அவன் பியூலாவைப் பார்த்தான்.

பியூலா நெற்றியைத் தேய்த்தாள். "ஒரு சிவப்புக்கு ஒரு வண்டிதான்மா. அந்தச் சிவப்பு உங்க பேர்ல, உங்க வாசல்ல நிக்கி. இனியாளோட தோடு கணக்குல பச்சை. பச்சைப் பிள்ளையத் தூக்கிட்டுப் போனா பெரியாஸ்பத்திரில வரிசைல உக்காத்தி வைப்பாங்க. ஆபரேஷன் தியேட்டர் சிவப்புக்குத்தான் தெறக்கும். ரெண்டு வழி இருக்கு. தோடு மாறிப்போச்சுன்னு மனுப் போடணும். தலைமை அலுவலகம் பாத்துச் சொல்ல ரெண்டு நாள் ஆகும்."

"இன்னொண்ணு?"

"இந்தச் சிவப்பை அங்க அனுப்பலாம். அதுக்கு நீங்க கையெழுத்துப் போடணும்." பலகையைத் திருப்பிக் காட்டினாள். 'என் பொறுப்பில் உள்ள குழந்தையை வேறிடத்தில் கவனிப்பின்றி விட்டிருந்தேன். அங்கே அடிபட்டதை ஒப்புக்கொள்கிறேன்.' "இதுல விரல் வச்சா அடுத்த நிமிஷம் அங்க வண்டி கெளம்பிரும். ஆனா மூணாவது குத்தத்தை நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி. நாளைக்குக் காலைல நான்தான் வந்து பூவிழியக் கூட்டிட்டுப் போணும்."

"தோடு மாறினதை நீங்க கண்ணால பாத்தீங்கள்லா?"

"பாத்தேன். நான் பாத்தது போதாதும்மா. அந்தப் பிள்ளை காதுத் தோடும் கையில வந்தாத்தான் நிரூபணம். அதைக் கழட்டி, எழுதி, அவங்க ஏத்துக்கிடணும். எனக்கும் பிடிக்கல. ஆனா இதான் முறை."

வடிவு மகளைப் பார்த்தாள். பூவிழி பிரிந்த புரிகளைத் தானே பின்னப் பார்த்துச் சிக்காக்கிக்கொண்டிருந்தாள். நாற்பது நாள். இருட்டென்றால் பயப்படுகிற பிள்ளை, ரசத்தைத் தனிக் கிண்ணத்தில் கேட்கிற பிள்ளை. அந்தக் கணத்தில் 'அக்காவுக்குக் கை நீளும்' என்று கோமதி சொன்ன குரலும் காதில் விழத்தான் செய்தது. கோமதி சொல்லாமல் இருந்திருந்தால், இவர்கள் அன்றைக்கே காதைத் திருப்பிப் பார்த்திருப்பார்கள். வடிவு தெய்வமில்லை, எரியத்தான் செய்தது. ஒலிபெருக்கியில் இன்னும் கோமதி மகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

எண்ணெய்க் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வடிவு விரலை வைத்தாள். எண்ணெய்ப் பிசுக்கில் முதல் தடவை பதியவில்லை. இன்னொரு முறை அழுத்தித் துடைத்து வைத்தாள்.

அம்பாசமுத்திரத்து வண்டி நாற்பது நிமிஷத்தில் பெரியாஸ்பத்திரிக்கு வந்துவிட்டது. சாகுலின் வண்டியில் வடிவும் பூவிழியும் பியூலாவும் முன்னாலேயே வந்து வாசலில் நின்றார்கள். இனியாளை ஸ்ட்ரெச்சரில் ஓட்டிக்கொண்டு போனபோது கோமதி பின்னாலேயே செருப்பில்லாமல் ஓடினாள். அக்காவைக் கடந்துபோகும்போது அவளைப் பார்க்கவே இல்லை. தியேட்டர் கதவு சிவப்பு எண்ணைக் கேட்டது, சாகுல் சொன்னான், திறந்தது.

அதன் பிறகு இருந்ததெல்லாம் ஒரு பெஞ்சும் ஒரு கடிகாரமும்தான். கோமதி பெஞ்சின் அந்த முனையில், வடிவு இந்த முனையில், நடுவில் பூவிழி. கோமதிதான் முதலில் பேசினாள்.

"ஆனி மாசம் பாத்ரூம்ல வழுக்கி விழுந்தா. பெறவு ஒரு ஞாயித்துக்கெழம கட்டில்ல குதிச்சு விழுந்தா. ரெண்டு தடவையும் தோடு பேசல. பேசலேன்னா ஒண்ணுமில்லேன்னு நெனச்சேன், அக்கா. அவ மொகத்தைக்கூட நான் சரியாப் பாக்கல. போனைத்தான் பாத்தேன்."

"அந்த ஞாயித்துக்கெழமதான் ஒங்க அத்தான் வீட்டை விட்டுப் போனாரு," என்றாள் வடிவு. அதற்கு மேல் திட்ட அவளுக்குத் தெம்பில்லை. பிள்ளையைத் தாண்டிக் கையை நீட்டினாள். கோமதி அதைப் பிடித்துக்கொண்டு, டாக்டர் வரும் வரை விடவில்லை.

ஆறேகாலுக்கு டாக்டர் வந்தார். எலும்பில் சிறு சன்னல் போலத் திறந்து ரத்தக்கட்டியை எடுத்தாகிவிட்டதென்றும், கையைக் கிள்ளினால் பிள்ளை இழுத்துக்கொள்கிறாள் என்றும், இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் தான் இப்படி வந்து பேசியிருக்க முடியாது என்றும் சொன்னார். கோமதி தரையில் உட்கார்ந்து அழுதாள். அவர் ஒரு சின்ன எஃகுத் தட்டை நீட்டினார். ஆபரேஷனுக்காக வெட்டி எடுத்த சிவப்புக்கல் தோடு அதில் கிடந்தது.

அதற்காகத்தான் பியூலா காத்திருந்தாள். எண்ணைப் படித்துப் படம் எடுத்தாள். 4417. அங்கேயே நின்று மனுவைத் தட்டினாள், தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினாள், கால் மணி நேரம் போனில் வாதாடினாள். திரும்பி வந்தபோது முதல் முறையாக அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தார்கள்.

"கையெழுத்து ரத்து. நாளைக்கு நான் வரமாட்டேன்," என்றாள் வடிவிடம். "ரெண்டு மஞ்சளும் உங்க தங்கச்சி பேருக்குப் போகும். அவங்களுக்குத் தகவலே வராததால இந்தச் சிவப்பைக் கணக்குல எடுக்க மாட்டாங்க. ஒரே ஒரு வேலை பாக்கி. தங்கச்சி போன்ல ரெண்டு வருஷத்துக்கு முந்தி ஒரு மஞ்சள் இருக்கு. கந்தசஷ்டி சூரசம்ஹாரம் அன்னைக்கு, சாயங்காலம் நாலு இருபது."

"அது மெஷின் கோளாறு மேடம்," என்றாள் கோமதி கண்ணைத் துடைத்துக்கொண்டே. "திருச்செந்தூர் கடக்கரையில இனியா என் இடுப்புல இருந்தா. கூட்டத்துல யாரோ இடிச்சிருப்பாங்கன்னு நெனச்சு போன்ல 'ஒப்புக்கொண்டேன்'னு அமுத்திட்டேன்."

"ஆனா அந்தத் தோடு பூவிழி காதுல இருந்திருக்கு." பியூலா வடிவின் பக்கம் திரும்பினாள். "நீங்க அன்னைக்கு வீட்டுலயா? பழைய விஷயம். கோளாறுன்னு எழுதி முடிச்சிரட்டுமா?"

ஆறாம் நாள் விரதம் அன்று. எல்லாரும் கடலுக்குப் போயிருந்தார்கள். வெறும் வயிறு, தலைவலி, அடுப்பில் பால். மூன்று வயதுப் பிள்ளை சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தது. வடிவு ஒரு தள்ளு தள்ளினாள். அடுப்பு மேடையின் கல் முனையில் அந்தச் சின்ன மண்டை மோதிய சத்தம் இன்னும் அவள் காதில் இருக்கிறது. போனைக் கையில் வைத்துக்கொண்டு ராத்திரி வரை உட்கார்ந்திருந்தாள். அது பேசவே இல்லை. முருகன் மன்னித்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டாள். அதன் பிறகு அவள் சஷ்டி விரதம் இருந்ததில்லை.

"எழுதிரட்டுமாம்மா?"

"வேண்டாம். கோளாறுன்னு எழுதாதீங்க." என்றாள் வடிவு. "நாளைக்கு அவளுக்குத் தலைவலி, மயக்கம்னு ஏதும் வந்தா டாக்டர் அதைப் பாக்கணும்லா. அது அடிதான், மேடம்."

பியூலாவின் விரல் திரைக்கு மேலே நின்றது. சிரிப்பு போய்விட்டது. "விழுந்தாளா?" என்று மெதுவாகக் கேட்டாள். "விழுந்தான்னா ஒரு பழைய மஞ்சள், அவ்வளவுதான். வேற மாதிரின்னா நான் மறுபடி உங்க வீட்டுக்கு வரணும். யோசிச்சுச் சொல்லுங்க."

கோமதி தலையைத் தூக்கி அக்காவைப் பார்த்தாள். வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினாள்.

வடிவு மகளை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டாள். மத்தியானத்திலிருந்து பிரிந்து கிடந்த இடது பக்கத்து முடியைச் சிக்கெடுத்து மூன்று புரியாக்கினாள்.

"விழல," என்றாள், இந்த முறை பியூலாவின் முகத்தைப் பார்த்தே. "நான்தான் தள்ளினேன்."

சொல்லிவிட்டு, வலிக்காமல் பின்னத் தொடங்கினாள்.